காதுக்குக் கணக்கு உண்டா?

ஜோர்ஜ் ஹரிசனின் 'மை ஸ்வீட் லோர்ட்' பாட்டில் ஒரு தந்திரம் இருக்கிறது. பின்பாட்டுக்காரர்கள் முதலில் 'அல்லேலூயா' என்றுதான் தொடங்குகிறார்கள். கேட்பவர் அதற்குப் பழகி, முழங்காலில் தாளம் போட ஆரம்பித்த பிறகு, அதே மெட்டில் 'ஹரே கிருஷ்ணா' வந்து உட்கார்ந்துகொள்கிறது. போகப்போகக் குரு வணக்க சுலோகமும் சேர்ந்துவிடுகிறது. 1970 நவம்பரில் வெளிவந்த இந்தப் பாட்டை வேண்டுமென்றே அப்படிக் கட்டியதாக ஹரிசன் பின்னாளில் சொன்னார். இரண்டு சொல்லும் ஒருவரையே கூப்பிடுகின்றன என்பது அவர் கட்சி.

லண்டனில் கேட்பவருக்கு விஷயம் அதோடு முடிந்துவிடலாம். கண்டியில் முடியாது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஆள் ஏற்றிக்கொண்டு பேராதனைப் பக்கம் புறப்படும் ஒரு பஸ்ஸை எடுத்துக்கொள்ளலாம். சாரதி பழைய ஆங்கிலப் பாட்டு நிகழ்ச்சியைத் திறந்துவிட்டிருக்கிறார். எழுபதுகளின் ரொக் பாடல்கள் வரிசையாக வருகின்றன. பௌத்தர்களின் போயா விரத நாளென்றால் 'சில்' என்ற சீல விரதம் எடுத்துவிட்டு வெள்ளை உடுப்போடு வீடு திரும்பும் அம்மா ஒருவர் இருப்பார். ஜும்ஆ முடிந்து தொப்பியைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்த கடைக்காரர் இருப்பார். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் திருநீறு இன்னும் அழியாத ஆசிரியை இருப்பார். கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு தாதியும் இருப்பார். யாரும் இந்தப் பாட்டைக் கேட்டு ஏறவில்லை. ஆனால் நான்கு பேருடைய காதுக்குள்ளும் 'அல்லேலூயா'வும் 'ஹரே கிருஷ்ணா'வும் போய்விட்டன. அவரவர் மார்க்கத்தின் பாவ புண்ணியக் கணக்கில் இது எங்கே பதியும்? பதியுமா?

வேடிக்கையாகத் தோன்றும் இந்தக் கேள்விக்காக இந்த ஊர் நீதிமன்றம் போயிருக்கிறது. அதன் பின் நடந்ததில் இரத்தமும் சிந்தியிருக்கிறது.

கண்டிக்குத் தெற்கே இருக்கும் கம்பளையில் வல்லஹகொட தேவாலயம் என்ற கோயிலின் பெரஹரா ஊர்வலம் அம்பகமுவ வீதியால் போவது வழக்கம். அந்த வீதியில் கரையோரச் சோனகர் எனப்பட்ட இந்திய முஸ்லிம் வணிகர்களின் பள்ளிவாசல் எழுந்தது. பள்ளிவாசலுக்கு முன்னால் மேளம் கொட்டக்கூடாது என்ற முறைப்பாடு 1907 அளவில் தொடங்கியது. 1912இல் அரசாங்க அதிபர் ஒரு நிபந்தனை விதித்தார்: பள்ளிவாசலின் இருபுறமும் குறித்த தூரத்துக்கு வாத்தியம் நிற்க வேண்டும், அதைத் தாண்டிய பிறகு மறுபடி முழக்கலாம். தேவாலயத்தின் நிர்வாகியான பஸ்நாயக்க நிலமே ஒப்பவில்லை. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் புத்த மதமும் அதன் கிரியைகளும் மீறப்படமாட்டா என்று பிரித்தானிய முடி வாக்களித்திருக்கிறது, மேளம் அந்தக் கிரியையின் பகுதி என்று வழக்குப் போட்டார். கண்டி மாவட்ட நீதிபதியாக இருந்தவர் வரலாற்றாசிரியர் போல் ஈ. பீரிஸ். 1914 ஜூனில் அவர் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1915 பெப்ரவரி 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது.

அதே ஆண்டு மே 28, வெசாக் இரவு. கண்டி நகரத்தில் பக்திப் பாடல் பாடிக்கொண்டு வந்த வண்டி ஒன்று காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலை நெருங்கியது. கூச்சல், எள்ளல், கல்வீச்சு. அங்கிருந்து கலவரம் தீவின் பல மாகாணங்களுக்குப் பரவியது. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் வந்தது. பிறகு நடந்த அடக்குமுறையைக் கண்டித்து சட்டசபையில் பொன்னம்பலம் இராமநாதன் பேசியதைத் தமிழர்களும் சிங்களவர்களும் இன்றுவரை வெவ்வேறு காரணங்களுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அந்த வழக்கில் இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டிருந்தன. சத்தத்தை இரண்டு பேருமே நிலத்தைப் போலத்தான் பார்த்தார்கள். இங்கிருந்து அங்குவரை என்னுடையது, அதற்கப்பால் உன்னுடையது. வேலி போட்டு அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை. உண்மையில் வியாபாரம், காணி, கடன் என்று வேறு பல வயிற்றெரிச்சல்கள் அந்த மேளத்துக்குள் ஒளிந்திருந்தன என்பது தெரிந்ததே. ஆனாலும் வெளியே சொன்ன காரணம் காதுதான்.

பத்து ஆண்டுகள் கழித்து அந்த வேலி காற்றில் போனது. 1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி ஒழுங்காகப் பேசத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்கு ஆசியத் தலைமையகத்தை 1944 ஏப்ரலில் கண்டிக்கு மாற்றிப் பேராதனைப் பூங்காவில் கூடாரம் போட்டார். அந்தப் படைகளுக்காகக் கட்டப்பட்ட பெரிய ஒலிபரப்பிதான் போருக்குப் பின் இலங்கை வானொலிக்குக் கைமாறி, கொழும்பிலிருந்து இமயமலை வரை சினிமாப் பாட்டுக் கேட்கவைத்தது. படைவீரர்களைக் குஷிப்படுத்த வந்த இயந்திரம் பின்பு பிரித் ஓதியது, பாங்கு சொன்னது, தேவாரம் பாடியது, இடையிடையே பியானோவும் கித்தாரும் வாசித்தது. அதற்கு எந்தச் சங்கடமும் இருக்கவில்லை. சங்கடமெல்லாம் கேட்பவருக்குத்தான்.

எழுபதுகளில் வானொலிப் பெட்டிக்குப் போட்டியே கிடையாது. தொலைக்காட்சி 1979இல்தான் வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெளிநாட்டு இசைத்தட்டு ஒன்றை வாங்குவது பலருக்குக் கனவு. ஆகவே ஹந்தானை அடிவாரத்துப் பல்கலைக்கழக விடுதியிலும், தோட்டத்துத் துரை பங்களாவிலும், திரித்துவக் கல்லூரிப் பையனின் வீட்டிலும் பீட்டில்ஸுக்குப் பிந்திய ஹரிசனும் லெனனும் லெட் செப்பலினும் பிங்க் ஃபுளொய்டும் வந்து சேர்ந்த வாசல் பெரும்பாலும் இலங்கை வானொலியின் ஆங்கில சேவைதான். விடுமுறை நாளே அப்போது குழம்பிக் கிடந்தது. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு வார விடுமுறை இல்லை. போயாவும் அதற்கு முந்திய நாளும்தான் விடுமுறை. பாட்டுக் கேட்க ஓய்வு கிடைத்த நாளே பாட்டை விலக்கி இருக்கச் சொல்லும் நாளாக இருந்தது! பௌத்தர்கள் போயாவில் எடுக்கும் எட்டுச் சீலங்களில் ஏழாவது ஆடல், பாடல், வாத்தியம், கூத்துப் பார்த்தல் ஆகியவற்றை விலக்கச் சொல்கிறது.

தமிழ்ப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் கித்தாரைத் தூக்கிக்கொண்டு பொப்பிசை பாடத் தொடங்கியதும் அதே காலம். 'சின்ன மாமியே' பாட்டைக் கேட்டுச் சினந்த பெரியவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தச் சினம் ஒழுக்கத்தைப் பற்றியது; கடவுளைப் பற்றியதல்ல. ஆங்கில ரொக் இசையின் சிக்கல் வேறு. எழுபதுகளில் அது கடவுளை விட்டுவைக்கவே இல்லை.

ஏன் என்று கேட்டால், பதிலின் ஒரு நுனி கண்டியில் இருக்கிறது. 1969 ஓகஸ்ட் 15ஆம் திகதி, அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் பெத்தெல் என்ற ஊர்ப் பால்பண்ணை நிலத்தில் வூட்ஸ்டொக் விழா தொடங்கியது. வந்த கூட்டம் நான்கு இலட்சம் என்பார்கள். வீதியெல்லாம் அடைபட்டதால் ஹெலிகொப்டரில் வந்து இறங்கினார் நரைத்த தாடியோடு ஒரு காவியுடைக்காரர். மேடையில் சம்மணம் கொட்டி உட்கார்ந்து, தொடக்க உரை சொல்லி, கூட்டத்தை நாமம் சொல்ல வைத்தார். அவர் சுவாமி சச்சிதானந்தர். கோயம்புத்தூருக்குப் பக்கத்துச் செட்டிப்பாளையத்தில் 1914இல் பிறந்த தமிழர். 1949இல் ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் துறவு வாங்கியவர். 1953இல் குரு அவரை இலங்கைக்கு அனுப்பினார். முதலில் திருகோணமலை, பிறகு கண்டி. 1966இல் மேற்கே போகும்வரை கண்டித் தபோவனம்தான் அவருடைய இருப்பிடம். சாமியார் காரோட்டுவதையும் கையில் கடிகாரம் கட்டுவதையும் பார்த்து ஆசாரக்காரர்கள் முகம் சுளித்தார்கள். குரு பூர்ணிமாவை எல்லா மதத்து ஞானிகளுக்கும் உரிய நாளாகக் கொண்டாடி, நான்கு மதத்தவரையும் ஒரே பந்தலில் உட்காரவைத்தார். தலதா மாளிகையும் புனித பவுல் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கும் ஊரில் அப்படி ஒரு எண்ணம் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

வூட்ஸ்டொக்கில் அவர் பேசியது ஒலியைப் பற்றி. அணுவைவிட வலியது ஒலி என்ற பாங்கில் சொன்னார். போர்க்களத்தில் இளகிய மனதை மிருகமாக்கவும் ஒலிதான் பயன்படுகிறது. அந்தப் போர்வாத்தியம் இல்லாவிட்டால் மனிதன் தன் உடன்பிறப்பைக் கொல்லத் துணியமாட்டான் என்றார். கம்பளை வழக்கை அவர் கேள்விப்பட்டிருந்தாரோ இல்லையோ, கண்டியில் வருடக்கணக்காக வாழ்ந்த ஒருவர் சொல்லக்கூடிய வார்த்தைதான். அவருடைய சீடர்களில் இசைக்காரர்களும் சேர்ந்தார்கள். அலிஸ் கோல்ட்ரேன் 1971இல் தன் இசைத்தட்டுக்கே அவர் பெயரை வைத்தார். கரோல் கிங் ஆசிரமத்துக்கு நிலம் கொடுத்தார். எழுபதுகளின் பாட்டில் கிழக்கத்திய சாமி புகுந்தது இப்படிச் சில ஆட்கள் வழியாகத்தான். கண்டி பஸ்ஸில் 'ஹரே கிருஷ்ணா' கேட்பது ஒருவகையில் திரும்பி வந்த சரக்கு.

சச்சிதானந்தர் சொன்னதை அப்படியே ஏற்றால் பஸ்ஸில் இருக்கும் நான்கு பேரும் ஆபத்தில் இருக்கிறார்கள். ஒலிக்கே அந்த வல்லமை என்றால், கேட்டவன் என்ன செய்வான்? நெருப்பு யார் தொட்டாலும் சுடும். கம்பளைப் பள்ளிவாசல்காரர்களும் பஸ்நாயக்க நிலமேயும் ஏறத்தாழ இதையே நம்பினார்கள். அமெரிக்கக் கிறிஸ்தவர் சிலர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். லெட் செப்பலினின் 'ஸ்டெயர்வே டு ஹெவன்' பாட்டை இசைத்தட்டில் தலைகீழாகச் சுழற்றினால் சாத்தானைத் துதிக்கும் வாசகம் கேட்கிறது, நேராகக் கேட்டாலும் அது ஆழ்மனதில் இறங்கிவிடும் என்றார்கள். 1982இல் கலிபோர்னியாச் சட்டசபைக் குழு ஒன்றின் முன் அந்தப் பாட்டைத் தலைகீழாகப் போட்டே காட்டினார்கள். எங்கள் இயந்திரங்கள் ஒரே திசையில்தான் சுழலும் என்று இசைத்தட்டுக் கம்பனி பதில் சொன்னதாகக் கதை. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் காதுக்கே எட்டாத சொல்லுக்கும் ஆன்மா கணக்குக் கட்ட வேண்டும் என்ற நம்பிக்கை சாதாரணமானதல்ல. அது உண்மையானால் ஒருவரும் கரை சேர முடியாது.

ஹரிசனையே ஒரு நீதிமன்றம் இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. 'மை ஸ்வீட் லோர்ட்' மெட்டு, 1963இல் ஷிஃபொன்ஸ் என்ற பெண்கள் குழு பாடிய 'ஹீஸ் சோ ஃபைன்' பாட்டின் மெட்டு என்று வழக்கு. 1976இல் நியூயோர்க் நீதிபதி ரிச்சர்ட் ஓவன் தீர்ப்புச் சொன்னார். ஹரிசன் தெரிந்து திருடவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். எப்போதோ காதில் விழுந்த மெட்டு, அவருக்கே தெரியாமல் உள்ளே தங்கி, அவருடைய பக்திப் பாட்டாக வெளியே வந்துவிட்டது. ஆனாலும் அவர் பொறுப்பாளிதான் என்றார். நீண்ட இழுபறிக்குப் பின் 587,000 டொலர் என்று கணக்கு முடிந்தது. கேட்டதற்குக் கணக்கு உண்டு, நினைவில் இல்லாவிட்டாலும் உண்டு என்பது சட்டத்தின் பதில். கர்ம வினையைவிடக் கறாரான பதில்.

தேரவாத பௌத்தத்தின் பதில் இவ்வளவு கறாராக இல்லை. அபிதர்ம நூல்கள் கேட்டல் என்ற ஒரு கணத்தைப் பல துண்டுகளாகப் பிரிக்கின்றன. ஒலி காதில் மோதி 'செவியறிவு' எழுகிறதே, அது விபாகம்; அதாவது பழைய வினையின் விளைவு. அதற்குப் புதுக் கணக்குக் கிடையாது. அதன் பின்னால் மனம் அந்த ஒலியை நோக்கி ஏழு முறை பாய்கிறது, அதை ஜவனம் என்கிறார்கள். விருப்பமும் வெறுப்பும் தெளிவும் அங்கேதான் நுழைகின்றன. புதுக் கர்மமும் அங்கேதான் விளைகிறது. சில் எடுத்த அம்மாவின் காதில் மின்கித்தார் விழுந்ததால் சீலம் உடையவில்லை. கேட்க வேண்டும் என்று அவர் காதைத் திருப்பினால்தான் பேச்சு. சாரதியை மனதுக்குள் திட்டித் தீர்த்தாரென்றால், பாட்டைவிட அந்தத் திட்டுக்கே அதிகக் கணக்கு ஏறும்.

இதைக் கண்டியிலிருந்தே உலகத்துக்கு எழுதிச் சொன்னவர் ஒருவர் உண்டு. ஜெர்மனியில் 1901இல் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1936இல் இலங்கைக்கு வந்து பிக்குவான ஞானபோனிக்க தேரர். தலதா மாளிகைக்குப் பின்னால் உயரும் உடவத்தகலைக் காட்டுக் குடிலில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். 1958இல் நண்பர்கள் இருவரோடு பௌத்த வெளியீட்டுச் சங்கத்தைக் கண்டியில் தொடங்கினார். தியானம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலின் மையமே வெறுங்கவனம் என்பதுதான்: வந்த ஒலியை வந்த ஒலியாக மட்டும் அறிவது, அதன்மேல் தன் கதையை ஏற்றாதிருப்பது. பாகியர் என்ற துறவிக்குப் புத்தர் சுருக்கமாகச் சொன்ன உபதேசமும் இதுவே. காட்டுக்குள் இருந்தவருக்கு இது எளிது என்று யாராவது சொன்னால், அந்தக் குன்றின் கீழே கண்டி நகரம் இருக்கிறது என்பதை நினைவூட்ட வேண்டும். பெரஹரா மேளமும் பஸ் ஹோர்னும் ஏறிவரும் குன்று அது. பௌத்தம் இசையை ஒட்டுமொத்தமாக வெறுத்ததாகவும் சொல்ல முடியாது. பஞ்சசிகன் என்ற கந்தர்வன் யாழ் மீட்டி, புத்தரையும் தன் காதலியையும் ஒரே பாட்டில் சேர்த்துப் பாடியபோது, நரம்பின் ஒலியும் குரலும் நன்றாக இசைந்திருந்தன என்று புத்தர் பாராட்டியதாகத் தீக நிகாயம் சொல்கிறது. ஹரிசன் செய்ததைவிடத் துணிச்சலான கலவை அது.

இஸ்லாத்தில் இந்த வாதம் இன்னும் சூடானது. இசை கூடுமா கூடாதா என்பதில் அறிஞர்கள் ஆயிரம் வருடமாக ஒத்துப்போகவில்லை. அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் ஒரு செய்தி வருகிறது. நபித்தோழர் இப்னு உமர் வழியில் போகும்போது இடையனின் குழலோசை கேட்டது. இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, பாதையை விட்டு விலகினார். கூட வந்த இளைஞர் நாஃபியிடம், "இன்னும் கேட்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். கேட்கவில்லை என்று நாஃபி சொன்ன பிறகுதான் விரலை எடுத்தார். நபிகள் (ஸல்) இப்படிச் செய்யக் கண்டதாகவும் சொன்னார். இசை கூடாது என்பவர்கள் இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். மறுதரப்பு அதே கதையிலிருந்தே பதில் சொல்கிறது: அப்படியானால் நாஃபியின் காதை அடைக்கச் சொல்லவில்லையே? அவரைக் கேட்டுக்கொண்டே வரவிட்டாரே? காதில் விழுவது குற்றமல்ல, காது கொடுப்பதே குற்றம் என்று பிரித்துச் சமாதானம் சொன்ன சட்ட அறிஞர்களும் உண்டு. பஸ்ஸில் இருக்கும் கடைக்காரருக்கு இந்தப் பிரிப்பு பெரிய ஆறுதல்.

இமாம் கஸ்ஸாலி தன் 'இஹ்யா' நூலில் வேறு கோணம் எடுத்தார். இசை உள்ளத்தில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து போடுவதில்லை, அங்கே ஏற்கெனவே கிடப்பதைக் கிளப்பிவிடுகிறது என்பது அவர் கருத்தின் சாரம். இந்த இடத்தில் உடவத்தகலைப் பிக்குவும் பாரசீக இமாமும் கிட்டத்தட்ட ஒரே வாசலில் நிற்கிறார்கள். சச்சிதானந்தரின் ஒலிக்கோட்பாடு வெளியே நிற்கிறது.

குவீன் குழுவின் 1975ஆம் ஆண்டுப் பாட்டு 'பொஹிமியன் ராப்ஸடி'யை வைத்துக் கஸ்ஸாலியைச் சோதித்துப் பார்க்கலாம். அதன் நடுவில், ஓபராக் கூச்சலுக்குள், 'பிஸ்மில்லாஹ்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பாடிய பிரெடி மெர்க்குரி சன்சிபாரில் பிறந்த பார்சி, பஞ்ச்கனியில் படித்தவர். இறைவன் பெயரைக் கூத்துக்குள் இழுத்துவிட்டான் என்று கோபப்பட இடமிருக்கிறது. ஆனால் 2004இல் ஈரானில் குவீனின் பாட்டுத் தொகுப்பு ஒன்று அரசு அனுமதியோடு வெளிவந்தது. காதல் பாட்டுகளை விலக்கிவிட்டு, இந்தப் பாட்டை வைத்திருந்தார்கள். கூடவே ஒரு விளக்கத் தாள்: தற்செயலாகக் கொலை செய்து, சாத்தானுக்கு ஆன்மாவை விற்ற இளைஞன், தண்டனைக்கு முந்திய இரவில் 'பிஸ்மில்லாஹ்' என்று இறைவனை அழைத்து ஆன்மாவை மீட்டுக்கொள்கிறான் என்று. மெர்க்குரி இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ. ஆனால் நல்ல தஃப்சீர், அதாவது விளக்கவுரை. ஒரே சொல், ஒருவர் காதில் நிந்தை, இன்னொருவர் காதில் தவ்பா என்ற மன்னிப்புக் கோரல்.

சைவர்களுக்கு இந்த விஷயம் புதிதே அல்ல. பெரிய புராணத்தில் ஆனாயர் மாடு மேய்த்துக்கொண்டு குழலில் ஐந்தெழுத்தை ஊதியே கதி பெற்றார். அதே புராணத்தில் சாக்கிய நாயனார் இருக்கிறார். பௌத்தக் கோலத்தைக் களையாமல், தினமும் சிவலிங்கத்தின்மேல் கல்லை எறிந்துவிட்டே சாப்பிடப் போவார். பார்ப்பவனுக்கு அது நிந்தை. வாங்கிக்கொண்டவனுக்கு மலர். கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டு வந்த ஆசிரியைக்கு 'அல்லேலூயா'வால் என்ன குறை வந்துவிடப் போகிறது?

கிறிஸ்தவத் தாதியின் நிலை கொஞ்சம் கடினம். அவருக்கு ஹரிசனைவிட லெனன் பெரிய தலைவலி. 1971இல் வந்த 'இமேஜின்', சொர்க்கமும் மதமும் இல்லாத உலகத்தை இனிமையான பியானோவில் கற்பனை செய்யச் சொல்கிறது. மெட்டு அத்தனை சாந்தமாக இருப்பதால் அது ஏறத்தாழத் துதிப்பாடல் போலவே ஒலிக்கிறது. மறுதலிப்பைத் தாலாட்டாகப் பாடினால் யாருக்குக் கோபம் வரும்? அதே ஆண்டு கேட் ஸ்டீவன்ஸ் பாடிய 'மோர்னிங் ஹேஸ் புரோக்கன்' உண்மையாகவே துதிப்பாடல். 1931இல் எலினர் ஃபார்ஜன் எழுதியது. அதைப் பாடியவரோ 1977இல் இஸ்லாத்தைத் தழுவி, யூசுஃப் இஸ்லாம் ஆகி, கித்தாரை வைத்துவிட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பொப்பிசையை விட்டு விலகி இருந்தார். மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த கித்தாரைத் தொட்ட பிறகு, 2006இல் புது இசைத்தட்டோடு திரும்பி வந்தார். அவர் இசையை விட்டதும் ஈமானால், திரும்பி எடுத்ததும் ஈமானை விடாமல்தான். பாடியவர் முஸ்லிமாகி, பாடுவது சரியா என்று சந்தேகப்பட்டு விலகிய பின்னும், அவருடைய பழைய கிறிஸ்தவப் பாட்டை வானொலிகள் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தன. அதற்கு யார் கணக்கில் புண்ணியம்?

இதுவரை சொன்ன மார்க்கங்கள் எல்லாம் கேட்பவனுக்கு ஓர் இடைவெளியை விட்டிருக்கின்றன. காதுக்கும் மனதுக்கும் நடுவில் ஒரு கணம். அந்தக் கணம் இருக்கும்வரை பாட்டைப் பழிக்க நியாயமில்லை. ஆனால் நடைமுறையில் இலங்கை நேயர்கள் அந்தக் கணத்தைப் பலமுறை தவறவிட்டிருக்கிறார்கள். 2010 ஏப்ரலில் அமெரிக்கப் பாடகர் ஏகோன் கொழும்புக்கு வருவதாக இருந்தது. அவருடைய பாட்டுக் காணொளி ஒன்றின் பின்னணியில் புத்தர் சிலை தெரிந்தது. ஆதரவு கொடுத்த ஊடக நிறுவனத்தின் கட்டடத்துக்குக் கல் விழுந்தது, அவருக்கு வீசா மறுக்கப்பட்டது. 2016 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தின விழாவில் கிஷானி ஜயசிங்க 'தன்னோ புதுங்கே' பாட்டை ஓபராக் குரலில் பாடினார். ஒரு தொலைக்காட்சி கேலி செய்தது. நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஜோன் டி சில்வாவின் 1903ஆம் ஆண்டு நாடகப் பாட்டு அது. மெட்டுப் போட்டவர் இந்தியாவிலிருந்து வரவழைத்த விஸ்வநாத் லவ்ஜி. கண்டி திரித்துவக் கல்லூரியில் துணை அதிபராக இருந்த ஆங்கிலேயப் பாதிரியார் டபிள்யூ. எஸ். சீனியர் இலங்கைக்காக எழுதிய கிறிஸ்தவ கீதமும் அதே மெட்டில்தான் பாடப்படுகிறது. பௌத்தப் பாட்டு, இந்திய மெட்டு, ஆங்கிலத் துதி. அதன் தூய்மையைக் காப்பாற்றத்தான் அத்தனை கொதிப்பு.

ஆனாலும் கேட்பவன் தலையிலேயே முழுப் பொறுப்பையும் கட்டிவிடுவதும் சரியல்ல. அந்த ஒரு கணம் உதவ வேண்டுமானால், கணம் கழிந்த பிறகு விலகிப் போக வழி இருக்க வேண்டும். வீட்டு வானொலியில் குமிழைத் திருகினால் போதும். இப்னு உமரிடம் பாதையை விட்டு விலகிப் போக நிலம் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கும், ஒலிபெருக்கிக்குக் கீழே குடியிருப்பவருக்கும் அது இல்லை. 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் வெலிகமப் பள்ளிவாசல் வழக்கில் இதைத்தான் தொட்டது. ஒலிபெருக்கி வைப்பது வழிபாட்டு உரிமையின் பகுதியல்ல என்று சொல்லி, இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவாகக் கட்டுப்பாடு விதித்தது. 1915இல் நீதிமன்றம் எந்த மதத்தின் சத்தத்துக்கு உரிமை என்று தேடியது. 2007இல் கேட்க விரும்பாதவனுக்கு என்ன உரிமை என்று கேட்டது. கேள்வியை மாற்றிய தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் வீண் போகவில்லை. போயா அன்று பஸ்ஸில் ரொக் போடும் சாரதியைப் பற்றிக் கேட்க வேண்டியதும் இதே கேள்விதான். அவர் போட்டது ஹரிசனா பிரித்தா என்பது இரண்டாவது விஷயம்.

மிச்சம் இருப்பவர் அறிவிப்பாளர். பாடியவனையும் கேட்டவனையும் பற்றி யோசித்த சாத்திரங்கள், நடுவில் இருந்து தட்டைச் சுழற்றுகிறவரைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. சங்யுத்த நிகாயத்தில் தாலபுடன் என்ற கூத்தர் தலைவன், மக்களைச் சிரிக்கவைத்தவன் தேவர் உலகம் போவானா என்று புத்தரைக் கேட்கிறான். இரண்டு முறை புத்தர் பதில் சொல்ல மறுக்கிறார். மூன்றாவது முறை கிடைத்த பதில் அவனை அழவைத்துவிடுகிறது. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஒரு பெரிய வானொலி நிறுவனம் தன் நிலையங்களுக்கு, இப்போதைக்குத் தவிர்ப்பது நல்லது என்று ஒரு பாட்டுப் பட்டியல் அனுப்பியது. தடையல்ல, ஆலோசனைதான் என்றார்கள். அந்தப் பட்டியலில் 'இமேஜின்' இருந்தது, 'ஸ்டெயர்வே டு ஹெவன்' இருந்தது, பறவையும் விடியலும் பாடும் 'மோர்னிங் ஹேஸ் புரோக்கன்' கூட இருந்தது. ஒருவருக்கும் நோகக்கூடாது என்று பார்த்தால் துதிப்பாடலும் மிஞ்சாது.

இலங்கை வானொலிக்காரர்கள் இதற்கு வேறொரு வழி வைத்திருந்தார்கள், தத்துவம் எதுவும் யோசிக்காமலே. நேயர் விருப்பம். தமிழ்ச் சேவையில் 'நீங்கள் கேட்டவை' கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: மூன்று நிமிடப் பாட்டுக்கு முன்னால் கேட்டவர்களின் பெயரும் ஊரும் தோட்டத்தின் பெயரும் அண்ணன், அக்கா, மச்சான் பெயரும் மூச்சு விடாமல் வாசிக்கப்படும். சில நாள் பட்டியலே பாட்டைத் தின்றுவிடும். ஆங்கில சேவையிலும் அஞ்சலட்டைகள் வந்தன. இந்தப் பாட்டை யார் கேட்டார்கள், யாருக்காகக் கேட்டார்கள் என்பது தீவு முழுவதும் பகிரங்கம். ஹரிசனின் சாமியைப் போடச் சொன்னது கட்டுகஸ்தோட்டையில் ஒரு முஸ்லிம் வீடாக இருக்கலாம், கெட்டம்பேயில் ஒரு பௌத்த வீடாக இருக்கலாம். கணக்கு எழுத வேண்டியவர் எவராக இருந்தாலும், முகவரி அவர் கையில் கிடைத்துவிடுகிறது. இன்றைய பழைய பாட்டு நிகழ்ச்சிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறவர்கள் முதல் எழுத்தை மட்டும் போடுகிறார்கள்.